வருவதற்கு முன்பே கிளம்பிய வேகன்

பம்பாய்
20-11-1972

அன்புள்ள பிலோமிக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்டோபரில் நடக்கவேண்டிய நம் கல்யாணம் என்னால் தள்ளிப்போனதில் அப்பாவுக்கு இன்னும் ஆத்திரம் ஆறியிருக்காது. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. இங்கே நான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கவில்லை என்பதாவது தெரியட்டும்.

விஷயம் இதுதான். நம் கம்பெனி சரக்கு வேகன்கள் ராயபுரம், கொச்சி, கல்கத்தா, பம்பாய் ஆகிய நாலு யார்டுகளில் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தன என்று வாராவாரம் ஓர் அறிக்கை வரவேண்டும். ‘இந்த வேகன் 2 நாள் 5 மணி 40 நிமிஷம் நின்றது’ என்று வரிவரியாக அச்சாகவேண்டும். அந்தப் புரோகிராமை எழுதத்தான் ஜூன் மாதம் என்னை இங்கே அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் நம்முடையது இல்லை, ஒரு மில்லுக்குச் சொந்தம். திங்கட்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நமக்கு வாடகைக்கு. என் புரோகிராமுக்கோ ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் பிடிக்கிறது. போன திங்கட்கிழமை ஒன்பது அடித்ததும் மில்காரன் வந்து, அச்சாகிக்கொண்டிருந்த காகிதத்தைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டான். கல்கத்தா வேகன்களில் பாதி எவ்வளவு நேரம் நின்றன என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

என் மேனேஜர் ஞானதுரை சார் திருநெல்வேலிக்காரர். சுற்றி வளைக்கத் தெரியாதவர். “ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வா, மறுநாளே ஒனக்கு ராயபுரத்துக்கு மாத்தல். இல்லேன்னா இங்கயே கெட” என்று சொல்லிவிட்டார்.

தாமதம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். மொத்த நிமிஷத்தை நாள், மணி, நிமிஷம் என்று பிரிக்கும் இடத்தில்தான். இந்த மெஷினுக்குக் கூட்டவும் கழிக்கவும் தெரியும், வகுக்கத் தெரியாது. வகுக்கும் வசதியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டுமாம். மில்காரன் வாங்கவில்லை. மனம் தளராதே, வழி கண்டுபிடிப்பேன்.

உன்,
லியோனார்ட்


சேசு மரி சூசை

ராயபுரம்
25-11-1972

அன்புள்ள லியோனார்ட் அவர்களுக்கு,

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம். ஹார்பரில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், வகுத்தல் என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டார். “இன்னாம்மா சொல்ற? மெஷினுக்கு வகுக்கத் தெரியாதா? நம்ம கோயில் ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கே தெரியுமே! அத்த வெச்சிக்கினு இவன் இன்னாத்துக்கு அங்க குந்திகினு கீறான்? இவன் மெஷினத்தான் கட்டிக்கப் போறானா?” என்று கேட்டார். பெரம்பூரில் பாஸ்கல் என்று ரயில்வே பையன் ஒருவன் இருக்கிறானாம். நல்ல பையனாம். இதை எனக்குக் கேட்கட்டும் என்றே சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தபசு காலம் மார்ச் ஏழாம் தேதி தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் பிப்ரவரி 26, திங்கட்கிழமை என்று சாமியாரிடம் கேட்டு வைத்திருக்கிறோம். அதற்கு முன் பிப்ரவரி 4, 11, 18 ஆகிய மூன்று ஞாயிறும் பூசையில் நம் ஓலை வாசிக்கவேண்டும். ‘லியோனார்டுக்கும் பிலோமிக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று ஊருக்கே கேட்கும்படி. ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை வரவில்லை என்றால் நான் ராயபுரத்தில் தலைகாட்ட முடியாது. அப்பா இன்னொரு தடவை தள்ளிப்போட மாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

ஒரு சந்தேகம். வகுக்கத் தெரியாத மெஷினை வைத்து இப்போது எப்படித்தான் பிரிக்கிறீர்கள்? இந்த மெஷின் வரும்முன் ராயபுரம் யார்டு வேகன் அத்தனைக்கும் காத்திருப்பு நேரம் போட்டது நான்தான். டிபனுக்கு முன்னால் நூற்றைம்பது வேகன் முடிப்பேன். அதனால் கேட்கிறேன்.

பிலோமி


பம்பாய்
4-12-1972

அன்புள்ள பிலோமிக்கு,

பாஸ்கலைப் பற்றி அப்பா இனி சுவரிடம் சொல்லாமல் என்னிடமே எழுதட்டும். பதில் எழுத எனக்கும் கை இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்கு இதெல்லாம் புரிவது கஷ்டம், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு வேகன் 3,000 நிமிஷம் நின்றது என்று வைத்துக்கொள். மெஷின் அதிலிருந்து அறுபது அறுபதாகக் கழித்துக்கொண்டே போகும். எத்தனை தடவை கழித்ததோ அத்தனை மணி. பிறகு அந்த மணியிலிருந்து இருபத்துநாலு இருபத்துநாலாகக் கழிக்கும். அது நாள். பதினோரு நாள் நின்ற வேகன் என்றால் அறுபதையே இருநூற்று அறுபது தடவைக்கு மேல் கழித்துக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒன்பதாயிரம் வேகன். மெஷின் திணறாமல் என்ன செய்யும்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் ஒரு நாளுக்கு உரிய 1,440 நிமிஷத்தைக் கழிக்க வைத்தேன். மிச்சத்தில்தான் அறுபது. இருநூற்று அறுபது தடவை போய், பதினோரு தடவையும் சில்லறையும் ஆகிவிட்டது! இந்த யோசனை குளிக்கும்போது வந்தது. ஒரு மணி இருபத்தைந்து இப்போது ஒரு மணி பத்து. இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி. மெஷின் ஓட்டும் ஹபீபுல்லா (இவனும் நம் பக்கம்தான், தண்டையார்பேட்டை) “மாமு, நீ எங்கியோ போய்ட்ட!” என்று தோளில் தட்டினான்.

உன்,
லியோனார்ட்


சேசு மரி சூசை

ராயபுரம்
9-12-1972

லியோனார்ட் அவர்களுக்கு,

எனக்குப் புரிவது கஷ்டம் என்றீர்கள். கஷ்டப்பட்டுப் படித்தேன். உங்கள் புரோகிராமைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உங்களுக்கு அனுப்பும் ரிஜிஸ்டரை எழுதுவதே நான்தானே. அதில் மொத்த நிமிஷம் என்று எந்தப் பத்தியும் கிடையாது. வேகன் உள்ளே வந்த நாள், மணி, நிமிஷம். வெளியே போன நாள், மணி, நிமிஷம். அவ்வளவுதான். நாளுக்கும் நாம் தேதி போடுவதில்லை, ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து வருஷம் முழுக்க எண்ணிக்கொண்டே போகிறோம். அப்படி நான் பிரித்து எழுதி அனுப்புவதை நீங்கள் முதலில் நிமிஷமாகச் சேர்க்கிறீர்கள். பிறகு அதையே உட்கார்ந்து பிரிக்கிறீர்கள். மீன்காரி துண்டு போட்டுக் கொடுத்த வஞ்சிரத்தை வீட்டுக்கு வந்து ஒட்டவைத்து மறுபடி வெட்டுவார்களா?

நான் எப்படிச் செய்வேன் என்று கேளுங்கள். 312-ஆம் நாள் 21 மணி 50 நிமிஷத்துக்கு வந்த வேகன், 314-ஆம் நாள் 6 மணி 20-க்குப் போனது. இருபதில் ஐம்பது போகாது. பக்கத்து மணியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினால் எண்பது. எண்பதில் ஐம்பது போனால் முப்பது. மணியில் மிச்சம் ஐந்து. ஐந்தில் இருபத்தொன்று போகாது. நாளிலிருந்து ஒன்று கடன் வாங்கினால் இருபத்தொன்பது. போனால் எட்டு. நாளில் 313, அதில் 312 போனால் ஒன்று. ஒரு நாள், எட்டு மணி, முப்பது நிமிஷம். மூன்றே கழித்தல். வகுத்தல் எங்கே வந்தது?

இது எனக்குக் குளிக்கும்போது வரவில்லை. இரண்டு வருஷமாக ஆபீஸ் மேஜையில்தான் செய்தேன்.

பிலோமி


பம்பாய்
19-12-1972

என் அன்பான பிலோமிக்கு,

முப்பத்தெட்டு நிமிஷம்!

நேற்று எட்டு மணிக்குத் தொடங்கி எட்டு முப்பத்தெட்டுக்குக் கல்கத்தாவின் கடைசி வேகன் அச்சாகிவிட்டது. ஒன்பதுக்கு வந்த மில்காரன், நாங்கள் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்து மெஷின் ரிப்பேர் என்று நினைத்துப் பதறிப்போனான். ஞானதுரை சார் என்னை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து, “வகுக்காமலே வகுத்துட்டானய்யா!” என்றார். நாலு கிளைக்கும் அறிவிப்பு அனுப்பப்போகிறாராம். நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மாற்றல் உறுதி என்கிறார். ஜனவரி அறிக்கைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வரமுடியவில்லை, மன்னித்துக்கொள். ஆறு மாதமாக இங்கே இருப்பதால் இந்தப் பங்குக் கோயிலிலும் என் ஓலையை வாசித்து, நான் வேறு யாரையும் கட்டவில்லை என்று சாமியார் சான்று கொடுக்கவேண்டுமாம். அதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்,
லியோனார்ட்


சேசு மரி சூசை

ராயபுரம்
27-12-1972

அன்புள்ள லியோனார்ட் அவர்களுக்கு,

உங்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. நள்ளிரவுப் பூசையில் உங்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன். அப்பா இரண்டு நாளாகப் பாஸ்கல் பேச்சை எடுக்கவில்லை. “பையனுக்குக் கொஞ்சம் மூள கீதும்மா” என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்.

ஆபீஸ் பலகையில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. ‘திரு. லியோனார்டின் புதிய முறை’ என்று போட்டிருக்கிறது. நானும் நின்று படித்தேன். டைப் அடித்ததில் ஒரு பிழைகூட இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது யார் சொன்ன வழி என்று மேனேஜரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பேனா ஓடவில்லை.

பிலோமி


பம்பாய்
10-1-1973

அன்புள்ள பிலோமிக்கு,

பெரிய பேஜாராகிவிட்டது.

திங்கட்கிழமை அறிக்கை வழக்கம்போல் முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடிந்தது. எடுத்துக்கொண்டு போய் மீட்டிங்கில் வைத்தோம். கல்கத்தாவிலிருந்து பெரிய டைரக்டர் வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கொச்சியில் ஒரு வேகன் 363-ஆம் நாள் வந்து, இரண்டாம் நாள் போயிருக்கிறது. வருஷம் பிறந்துவிட்டது இல்லையா, நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டது. இரண்டில் 363-ஐக் கழித்த மெஷின், கழித்தல் 361 நாள் என்று அச்சடித்துவிட்டது. “இந்த வேகன் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே கிளம்பிப் போய்விட்டதா?” என்று டைரக்டர் கேட்டார். இப்படி நாலு கிளையிலும் முந்நூறு வேகன். கொச்சியின் மொத்தக் காத்திருப்பே பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. கொச்சி மேனேஜர் அதைப் பாராட்டு என்று நினைத்து எழுந்து நின்று நன்றி வேறு சொன்னார்.

ஞானதுரை சார் முகம் கறுத்துவிட்டது. மாற்றலைப் பற்றிக் கேட்க இது நேரமில்லை. மீதியைப் பிறகு எழுதுகிறேன். மீட்டிங்கில் இன்னும் ஒன்று நடந்தது. அதை நேரில் சொன்னால் நீ சரியாகப் புரிந்துகொள்வாய்.

லியோனார்ட்


சேசு மரி சூசை
(வணக்கம் இவர்கள் மூவருக்கு மட்டும்)

ராயபுரம்
14-1-1973

திரு. லியோனார்ட் அவர்களுக்கு,

நீங்கள் நேரில் சொல்ல இருந்தது நேற்று மெமோவாக வந்து சேர்ந்தது. ‘தங்கள் முறையில் கணக்கிட்டதால் அறிக்கை பிழையானது என்று திரு. லியோனார்ட் தெரிவித்துள்ளார். பதினைந்து நாளுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ கீழே ஞானதுரை என்று கையெழுத்து.

கட்டிப்பிடிக்கும்போது அது உங்கள் முறை. உதைக்க வரும்போது அது என் முறை. இல்லையா?

மெமோவை ஒளித்து வைக்கத்தான் பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டார். எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. “கல்யாணத்துக்கு முன்னாடியே மாட்டி வுட்டுட்டு நவுந்துக்கினானே. நாளைக்கு வூட்டுல ஒரு பானை ஒடைஞ்சாலும் உன் பேரத்தான் சொல்லுவான். ஓலை வேணுமான்னு யோசி, பிலோமி” என்றார். பாஸ்கலைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

வருஷக் கடைசியில் நான் எப்படிச் செய்வேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். போன நாள் எண், வந்த நாள் எண்ணைவிடச் சின்னதாக இருந்தால், அதோடு பழைய வருஷத்தின் மொத்த நாளையும் கூட்டிவிட்டுப் பிறகு கழிக்கவேண்டும். முடிந்துபோன வருஷத்துக்குப் பிப்ரவரியில் 29 நாள். அதனால் கூட்டவேண்டியது 366. பழக்கதோஷத்தில் 365 என்று போட்டுவிட்டு அதற்கும் என் பெயரைச் சொல்லவேண்டாம்.

விளக்கம் நான் எழுதமாட்டேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். சொன்னதற்கு அடையாளமாக உங்கள் மேனேஜர் கையால் எழுதிய தாள் எனக்கு வரட்டும். அது வந்தால்தான் பிப்ரவரி நாலாம் தேதி ஓலை. வராவிட்டால் ஓலையும் இல்லை, ஒன்றும் இல்லை.

எஸ். பிலோமி
(கிளார்க், வேகன் பிரிவு)


பம்பாய்
19-1-1973

பிலோமி,

365 என்றுதான் போட்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு மாற்றினேன். வரும் திங்கட்கிழமை ஓட்டும் முன் தெரிந்ததால் பிழைத்தேன்.

மேனேஜர் இந்த வாரம் பூனாவில் இருக்கிறார். வந்ததும் பேசுகிறேன். அதற்குள் நீ ஒரு சின்ன விளக்கம், சும்மா நாலு வரி எழுதிவிட்டால் விஷயம் ஆறிப்போகும். யோசித்துப் பார்.

லியோனார்ட்


சேசு மரி சூசை

ராயபுரம்
23-1-1973

யோசித்துப் பார்த்தேன். மாட்டேன்.

பிலோமி


பம்பாய்
30-1-1973

என் பிலோமிக்கு,

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூனாவிலிருந்து அவர் வந்து மூன்று நாள் ஆகியும் எனக்குத் தைரியம் வரவில்லை. தினமும் கதவுவரை போவேன், வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். பென்சிலே நாலு வாங்கிவிட்டேன். இன்று காலை ஹபீபுல்லாதான், “இன்னா மாமு, பென்சில் கடை வைக்கப் போறியா? உள்ள போ” என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டான். விழுந்தடித்துப் போய் மேனேஜர் மேஜைமுன் நின்றேன். உள்ளே இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு, பாராட்டை எல்லோர் முன்னாலும்தானே வாங்கினோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

“சார், அந்த வழி என்னுடையது இல்லை. ராயபுரம் கிளார்க் பிலோமி சொன்னது. பாராட்டினபோது நான் சொல்லவில்லை. பிழை வந்தபோது மட்டும் அவள் பெயரைச் சொன்னேன். அந்தப் பிழையும் அவளுடையது இல்லை. வருஷக் கடைசியில் என்ன செய்வாள் என்று நான் கேட்கவே இல்லை. அதைச் சரிசெய்ய வழி சொன்னதும் அவள்தான். 366 என்று சொன்னதும் அவள்தான்” என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் நடுவில் நின்றிருப்பேன்.

அவர் என்னையே பார்த்தார். “அப்போ நீ என்னதான்டே செஞ்சே?”

“அதைப் புரோகிராமாக்கக் கார்டில் துளை போட்டேன் சார்.”

ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. “இதைச் சொல்ல ஒனக்கு ஒண்ணரை மாசம் ஆச்சு. ஒன் புரோகிராமைவிட நீதான்டே மெதுவு” என்றார். பிறகு உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினார். இத்துடன் வைத்திருக்கிறேன். மெமோ ரத்து. முறை உன்னுடையது என்று நாலு கிளைக்கும் புது அறிவிப்பு போகிறது. ராயபுரத்தில் புரோகிராம் பிரிவு தொடங்கப்போகிறார்கள். அதற்குத் தலைமை நீ. எனக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, உன் கீழே.

மேனேஜர் கடிதம் என்பதால் ஆபீஸ் தபால் பையிலேயே போட்டுவிடுகிறேன். இங்கே சாமியார் கொடுத்த சான்றையும் சேர்த்திருக்கிறேன்.

பிலோமி, நான் கெட்டவன் இல்லை. பயந்தவன். அது தெரிந்த பிறகும் வேண்டும் என்றால் சொல்.

லியோனார்ட்


சேசு மரி சூசை

ராயபுரம்
5-2-1973

என் அன்புள்ள லியோனார்டுக்கு,

ஆபீஸ் தபால் பையில் போட்டீர்களே, உங்களை என்ன சொல்லித் திட்டுவது? பை சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் பூட்டிய பிறகு வந்திருக்கிறது. வாட்ச்மேன் உள்ளே தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். இன்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது.

அதாவது ஓலை வாசிக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமை உங்களிடமிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதை அப்பாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். “சாமியாராண்ட போறேன். இன்னா சொல்லட்டும்? பேர எடுத்துடச் சொல்லட்டா?” என்று கேட்டார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். பிறகு, “படிக்கச் சொல்லுங்க நைனா” என்றேன்.

அப்பா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நேற்று எட்டு மணிப் பூசையில் நம் பெயரைச் சாமியார் வாசித்தார். தடை சொல்ல யாரும் இல்லை. சொல்லவேண்டிய ஆள் நான் ஒருத்திதான். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை உங்களிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். மேனேஜர் தாள் வந்த பிறகுதான் சம்மதித்தேன் என்று காலம் முழுக்க உங்களை மிரட்டிக்கொண்டிருக்கலாம். மத்தியானம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் ஆறு பேர் முன்னால் நின்று உண்மையைச் சொன்னவரிடம் நான் மட்டும் மறைத்தால் நன்றாக இருக்காது. எனக்கு நீங்கள் வேண்டும். தாள் வராவிட்டாலும் வேண்டும் என்றுதான் இருந்தேன். வந்ததில் சந்தோஷம், ரொம்ப சந்தோஷம். ஆபீஸில் ஐந்து பேருக்குக் காட்டிவிட்டேன்.

அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். என் கீழே நீங்கள் வேலை செய்யப்போகிறீர்கள் என்றதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “ஆபீஸ்லயும் நீதான் மேஸ்திரி, வூட்லயும் நீதான் மேஸ்திரியா? ஐயோ பாவம்மா அந்தப் பையன்” என்று முதல் தடவையாக உங்களுக்காகப் பரிதாபப்பட்டார். துணி எடுக்க நாளைக்கே போகலாம் என்கிறார்.

இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். பதில் எழுதும் நேரத்தில் ரயில் ஏறிவிடலாம்.

உங்கள்,
பிலோமி